குழாயடியிலிருந்து கிராம சபை வரை: கணினி தெரிந்த பெண் தன் ஊரின் குடிநீர்க் கணக்கை எடுக்க முழுமையான வழிகாட்டி

எக்செல் தெரிந்த, போனில் புதிய செயலியைத் தயங்காமல் கையாளுகிற பெண்கள் இன்று பெரும்பாலான ஊர்களில் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு முடித்து வீட்டிலிருப்பவர், மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர், நகரத்தில் ஐ.டி. வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்று பலர். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்வரும்போது இவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் நாளே செயலியைத் திறந்துவிடுகிறார்கள். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம், அதைப் பார்த்து யார் முடிவெடுக்கப் போகிறார் என்று தெரியாமலே வீடு வீடாக விவரம் வாங்கிவிடுகிறார்கள். அந்த விவரம் மடிக்கணினியிலேயே தங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றில் குடிநீர் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று வீடுவாரியாகக் கணக்கெடுத்து, அதைக் கிராம சபைத் தீர்மானமாக மாற்றுவது வரையிலான வேலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். குடிநீரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதை அளக்க முடியும். அதைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் பெண்கள். வீடுதோறும் குழாய் நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று தெளிவான அளவுகோலும் இருக்கிறது. இதே வரிசை தெருவிளக்குக்கும், அங்கன்வாடிக்கும், பேருந்து வசதிக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மூன்று ஆண்ட்ராய்டு போன் வேண்டும். வீடுவாரியாக விவரம் பதிய நாம் பயன்படுத்தப் போகிற கோபோகலெக்ட் செயலி ஐபோனில் ஓடாது. ஒரு கணினி, பத்து லிட்டர் பக்கெட், ஒரு லிட்டர் பாட்டில், சாக்பீஸ், பவர்பேங்க், கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. போன் அணைந்துபோகிற நாளில் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

மென்பொருள் எதற்கும் காசு தேவையில்லை. கேள்வித்தாளுக்குக் கோபோடூல்பாக்ஸ், கணக்குக்கு லிப்ரேஆபிஸ் (எக்செல் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும்), வரைபடத்துக்குக் க்யூ.ஜி.ஐ.எஸ். இவற்றில் பைவட் டேபிள், அதாவது தரவைத் தெருவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை, போடத் தெரிவதுதான் கட்டாயம். அது தெரியாவிட்டால் முதலில் அதைப் பழகுங்கள். வரைபடம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கோபோ கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் உருவாக்கி அதில் தொடங்குங்கள். நாளை உங்களுக்குத் திருமணமோ வேலையோ வந்து ஊரைவிட்டுப் போனாலும் தரவு ஊரிலேயே இருக்க வேண்டும்.

நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. முந்நூறு வீடுள்ள ஊருக்கு, குறிவைக்கும் சபைக்கு ஆறு வாரம் முன்பாவது வேலையைத் தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான் சூடுபிடிக்கும். பணம் தேவைப்படுகிற கோரிக்கை என்றால் அந்தச் சபையைக் குறிவையுங்கள்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை" என்பது கேள்வி ஆகாது. "எந்தத் தெருக்களில் ஒருவருக்கு 55 லிட்டருக்குக் குறைவாகக் கிடைக்கிறது, அதற்குக் காரணம் தொட்டியா, குழாயா, வால்வா?" என்பது கேள்வி.

எழுதியவுடன் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: இதற்குப் பதில் கிடைத்தால் யார் என்ன செய்ய முடியும்? வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது ஊராட்சியின் கையில் இருக்கிறது. புதிய மேல்நிலைத் தொட்டிக்கு ஊராட்சி ஒன்றியம் வரை போக வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வரும் அளவே குறைவு என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தைத்தான் கேட்க வேண்டும். செய்யக்கூடியவர் யார் என்று தெரியாத கேள்வியைப் படிவத்தில் சேர்க்காதீர்கள். வீட்டுக்காரருக்கும் நேரம் வீண், உங்களுக்கும் வீண்.

3. ஊரிடம் முதலில் சொல்லுங்கள்

கணினி தெரிந்தவர் தனியாகக் கணக்கெடுக்கப் போனால், "இந்தப் பொண்ணு எதுக்கு வீடு வீடா வருது?" என்ற பேச்சு இரண்டே நாளில் கிளம்பும். மகளிர் குழுக் கூட்டத்தில் விஷயத்தை வைத்து, குழுவின் தீர்மான நோட்டில் எழுதி, குழுவின் பெயரில் இறங்குங்கள். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு துடிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பெண்ணாவது கணக்கெடுப்புக் குழுவில் இருக்கட்டும். மேல்தெருப் பெண்கள் மட்டும் சேர்ந்து எடுத்த கணக்கைக் கீழ்த்தெரு நம்பாது. பட்டியலின மக்கள் வாழும் பகுதியிலிருந்து யாரும் குழுவில் இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். குழாயின் கடைசி முனை பல ஊர்களில் அங்கேதான் இருக்கிறது.

ஊராட்சித் தலைவருக்கும் செயலாளருக்கும் ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சி என்றால் தனி அலுவலருக்குக் கொடுங்கள். "அனுமதி கோருகிறோம்" என்று எழுதாமல் "தகவலுக்காகத் தெரிவிக்கிறோம்" என்று எழுதுங்கள். அனுமதி கேட்டால், மறுக்கலாம் என்று நீங்களே சொல்லிக்கொடுப்பது போலாகிவிடும்.

அப்புறம் டேங்க் ஆபரேட்டர். புதியவர்கள் இவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். குறைந்த சம்பளத்தில், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுபவர் அவர். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எங்கே குழாய் உடைந்திருக்கிறது, எந்த வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் வாரத்திலேயே அவரோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

4. ஏற்கெனவே இருக்கும் கணக்கை எடுங்கள்

ஜல் ஜீவன் திட்டத்தின் இணையதளத்தில் ஊர் வாரியாக எத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்பு என்ற விவரம் பொதுவில் இருக்கிறது. உங்கள் ஊரின் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். பதிவேட்டில் இணைப்பு இருப்பதும் குழாயில் தண்ணீர் வருவதும் வேறு வேறு. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் அளக்கப் போகிறீர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்லா வீட்டுக்கும் குழாய் நீர் கிடைக்கிறது என்று ஓர் ஊருக்குச் சான்று தருவதற்கு அந்த ஊரின் கிராம சபையே தீர்மானம் போட வேண்டும். உங்கள் ஊரில் அப்படித் தீர்மானம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். போடப்பட்டிருந்தால், கிராம சபையில் நீங்கள் பேச வேண்டிய விதமே மாறும்.

5. கோலமாவில் ஊர், சாக்பீஸில் எண்

கோயில் திடலிலோ பள்ளிக்கூட வாசலிலோ பெண்களைக் கூட்டி, கோலமாவில் ஊரைத் தரையில் வரையச் சொல்லுங்கள். தெரு, தொட்டி, தெருக்குழாய், அடிபம்பு, வால்வு, பாழடைந்த கிணறு எல்லாம் வரட்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரியாத வால்வும், நின்றுபோன போர்வெல்லும், இரு குடும்பம் வாழும் ஒரே வீடும் இதில் தெரியும். போட்டோ எடுத்துவிட்டுத் தாளில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே ஓர் எண் கொடுங்கள். பழைய கதவெண், புதிய கதவெண், எண்ணே இல்லாத வீடு எல்லாம் ஊரில் கலந்து கிடக்கும். ஒரே கதவெண் இரண்டு தெருவிலும் வரும். அதை நம்பிப் போனால் எந்த வீடு விட்டுப்போனது, எந்த வீட்டை இரண்டு முறை எடுத்தோம் என்பதைப் பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. தெரு எழுத்தும் மூன்று இலக்கமும் சேர்ந்த எண் போதும். வாசலில் சாக்பீஸால் எழுதி, நோட்டிலும் வரிசையாக எழுதுங்கள்.

முந்நூறு, நானூறு வீடு வரை இருந்தால் சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுக்கும் பேச்சே வேண்டாம். எல்லா வீட்டையும் எடுங்கள். "என் வீட்டுக்கு வரவே இல்லையே" என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து சொன்னால், மாதிரிக் கணக்கின் அறிவியலை அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

6. கேள்வித்தாள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

முதலில் காகிதத்தில், பேச்சுத் தமிழில் எழுதுங்கள். சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாசிக்கும்போது நாக்கு தடுக்கினால் வீட்டு வாசலிலும் தடுக்கும்.

"தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு வந்திருந்தால் "வருது" என்பார்கள், வராமல் போயிருந்தால் "எங்க வருது" என்பார்கள். நினைவில் நிற்கிற, எண்ணிச் சொல்லக்கூடிய விஷயத்தைக் கேளுங்கள். முதுகெலும்பாக இவை போதும்:

- வீட்டில் தினமும் தங்குபவர்கள் எத்தனை பேர்?
- கடந்த 7 நாளில் குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது?
- கடைசியாக வந்த அன்று எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது?
- அன்று எத்தனை குடம் பிடித்தீர்கள்? டிரம், தொட்டி ஏதாவது நிரம்பியதா?
- போதாதபோது எங்கே போகிறீர்கள்? போய் வர எவ்வளவு நேரம்? யார் போகிறார்கள்?
- கேன் தண்ணீர் வாங்குகிறீர்களா? வாரத்துக்கு எத்தனை கேன், ஒரு கேன் என்ன விலை?

ஏழு நாளில் எத்தனை நாள் என்ற கேள்வியை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும். ஓர் எடுத்துக்காட்டு: நான்கு பேர் உள்ள வீடு, தண்ணீர் வந்த அன்று 20 குடம் பிடித்தார்கள். குடம் 15 லிட்டர் என்றால் 300 லிட்டர், ஆளுக்கு 75. அளவுகோலைத் தாண்டிவிட்டது என்று தோன்றும். வாரத்தில் மூன்று நாள்தான் தண்ணீர் வருகிறது என்றால் வாரத்துக்கு 900 லிட்டர். அதை ஏழு நாளால், நான்கு பேரால் வகுத்தால் ஆளுக்கு 32 லிட்டர்தான்.

குடத்தின் அளவையும் ஊகிக்காதீர்கள். கடைக்குக் கடை மாறும். உங்கள் ஊரில் புழங்கும் இரண்டு மூன்று வகைக் குடங்களை ஒரு லிட்டர் பாட்டிலால் நிரப்பி அளந்து, படம் எடுத்துப் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் படத்தைக் காட்டிச் சொல்வார். 15 லிட்டர் குடம் என்றால், நான்கு பேர் வீட்டுக்குச் சேர வேண்டிய 220 லிட்டர் கிட்டத்தட்ட 15 குடம். "55 லிட்டர்" என்பதைவிட "நாலு பேர் வீட்டுக்குத் தினம் 15 குடம்" என்பதை ஊர் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கடைசி வரை குடக் கணக்கைக் கைவிடாதீர்கள்.

குழாய்த் தண்ணீர் நேரடியாகத் தொட்டியில் விழும் வீடுகளுக்குக் குடக் கணக்கு செல்லாது. அங்கே பக்கெட்டும் போனில் உள்ள ஸ்டாப்வாட்சும் போதும். பத்து லிட்டர் நிரம்ப 40 நொடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர். 200 நொடி ஆனால் 3 லிட்டர். ஒவ்வொரு தெருவிலும் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே நாளில் இப்படி அளந்து வையுங்கள். குழாய் வரிசையில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று இது ஒன்றே காட்டிவிடும்.

ஆதார் எண், ரேஷன் அட்டை எண், வங்கிக் கணக்கு எதையும் கேட்காதீர்கள். குடிநீர்க் கணக்குக்கு இவை எதுவும் தேவையில்லை. கையில் இருந்தால் பாதுகாக்கும் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் விழும். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: ஒப்புதல் பெற வேண்டும், சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். சாதியையும் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. தெருப் பெயரே வேண்டியதைச் சொல்லிவிடும்.

7. படிவத்தைப் போனுக்கு ஏற்றுதல்

கோபோவில் படிவத்தை நேரடியாகவும் அமைக்கலாம், எக்செல் தாளில் எழுதியும் ஏற்றலாம். இருபது கேள்விக்குள் என்றால் நேரடியாகவே செய்யுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே ஒரு பெயரும் வெளியே தெரியும் வாசகமும் இருக்கும். உள்பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சிறியதாக வையுங்கள். வாசகம் தமிழில். உள்பெயரைத் தானாக அமைய விட்டால், பின்னால் எக்செலில் எந்த நெடுவரிசை எது என்று தேடித் தேடி அலுத்துப்போகும்.

தெருப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலாகக் கொடுங்கள். தட்டச்சு செய்ய விட்டால் "மாரியம்மன் கோவில் தெரு", "மாரியம்மன் கோயில் தெரு", "கோயில் தெரு" என்று ஒரே தெரு மூன்றாகப் பிரிந்துவிடும். எண்களுக்கு வரம்பு போடுங்கள். தண்ணீர் வந்த நாள் 0-க்கும் 7-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். "தெரியாது" என்பதற்குத் தனி விடை வையுங்கள். இல்லாவிட்டால் 0 போட்டு நிரப்பிவிடுவார்கள், தெரியாத வீடெல்லாம் தண்ணீரே வராத வீடாகிவிடும்.

பகிர்வு அமைப்பில், கடவுச்சொல் இல்லாமல் யாரும் தரவைப் பார்க்கலாம் என்ற தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

8. வெள்ளோட்டம்

வெவ்வேறு தெருவில் பத்து வீடு எடுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு பத்து பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் கேள்வியைக் குறையுங்கள். அந்தப் பத்து வீட்டுத் தரவைக் கணினியில் இறக்கி, கடைசியில் போட வேண்டிய அட்டவணையை இப்போதே போட்டுப் பாருங்கள். எந்த அட்டவணையிலும் வராத கேள்வி இருந்தால் நீக்கிவிடுங்கள். வெள்ளோட்டத்தைப் புதியவர்கள் செய்வார்கள், இந்த அட்டவணையை மட்டும் செய்ய மாட்டார்கள். முந்நூறு வீடு முடிந்தபிறகு "இதைக் கேட்டிருக்கலாமே" என்று தோன்றுவது இதனால்தான்.

திருத்தம் எல்லாம் இந்தக் கட்டத்தோடு முடியட்டும். நடுவில் படிவத்தை மாற்றினால் எல்லாப் போனிலும் புதிய பதிப்பை இறக்கியாக வேண்டும். ஒரு போன் பழையதில் நின்றுவிட்டால் தரவு இரண்டாகப் பிரியும்.

9. வீடு வீடாக

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்குமேல், அல்லது ஞாயிறு காலை போங்கள். பதில் சொல்ல வேண்டியவர் தண்ணீர் பிடிப்பவர். திண்ணையில் இருக்கும் பெரியவர் தானே பதில் சொல்ல முன்வருவார். "ஐயா, அக்காவையும் கூப்பிடுங்க, எத்தனை குடம்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

வாசலில் சொல்ல வேண்டியதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்லப் பழகுங்கள்: "நம்ம ஊர் மகளிர் குழுவிலிருந்து வர்றோம். எல்லா வீட்டுலயும் குடிதண்ணி எவ்வளவு வருதுன்னு கேக்கிறோம். கிராம சபையில வைக்கப் போறோம். உங்க பேர் வெளிய வராது. சொல்ல விருப்பம் இல்லன்னா வேண்டாம், அதனால உங்களுக்கு வர்ற எதுவும் நிக்காது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உரிமைத்தொகை நின்றுபோகுமோ என்ற பயமும், புதிதாக ஏதோ பணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் ஒரே தெருவில் இருக்கும். இரண்டுமே பதிலை வளைக்கும்.

வீட்டின் இருப்பிடத்தை ஜி.பி.எஸ்.ஸில் பதியும்போது கூரைக்கு அடியில் நிற்காமல் வாசலுக்கு வாருங்கள். துல்லியம் ஐந்து மீட்டர் அளவுக்கு இறங்கும்வரை பொறுங்கள். இணையம் இல்லாத இடத்தில் இதற்கு நேரம் கூடுதலாகும், ஆனால் வேலை நடக்கும். படிவங்கள் போனில் சேர்ந்திருக்கும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் அன்றன்றைக்கே அனுப்பிவிடுங்கள். தொலைந்துபோன போனிலிருந்து அனுப்பாத படிவத்தை மீட்க முடியாது.

தினமும் இரவு அன்றைய வரவை நோட்டு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பூட்டிக் கிடந்த வீடுகளை இன்னொரு வேளையில் மறுபடி போய்ப் பாருங்கள்.

10. தரவைச் சுத்தம் செய்தல்

இறக்கிய கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து, அதைத் தொடாமல் வையுங்கள். வேலையெல்லாம் இன்னொரு நகலில். சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் குழம்பித் தெரியும். எக்செல் வடிவத்திலேயே இறக்குங்கள்.

வீட்டு எண்ணை வைத்து இரட்டிப்பு பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு எண்ணையும் பெரியது முதல் சிறியது வரை அடுக்கிப் பாருங்கள். 200 குடம் என்று இருந்தால் 20-ஆக இருக்கலாம், டிரம்மைச் சேர்த்திருக்கலாம். மேசையில் உட்கார்ந்து திருத்தாமல் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டுத் திருத்துங்கள். என்ன மாற்றினீர்கள், ஏன் என்பதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

11. கணக்கும் வரைபடமும்

முதல் அட்டவணை தெருவாரியாக: மொத்த வீடு, பதில் சொன்ன வீடு, 55 லிட்டருக்குக் குறைவாகக் கிடைக்கும் வீடு. ஊர் முழுவதற்குமான சராசரியை எங்கும் போடாதீர்கள். மேல்தெருவில் 60 வீட்டுக்கு ஆளுக்கு 90 லிட்டர், கீழ்த்தெருவில் 40 வீட்டுக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் ஒரே அளவு ஆட்கள் இருந்தால் ஊர்ச் சராசரி 62. அளவுகோலுக்கு மேலே! அந்த ஒரே எண்ணைக் காட்டி ஊரில் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிடலாம். உங்கள் கணக்கு உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

தெருவுக்குள்ளும் சராசரியைவிட நடு எண் நல்லது. வீடுகளைக் குறைவிலிருந்து அதிகம் வரை அடுக்கி நடுவில் நிற்கும் வீட்டின் அளவு அது. தொட்டி கட்டி மோட்டார் வைத்த ஒரு வீடு சராசரியைத் தூக்கிவிடும், நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது.

எந்த மாதத்தில் எடுத்த கணக்கு என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். மே மாதக் கணக்கும் நவம்பர் கணக்கும் ஒன்றாக இராது.

வரைபடத்துக்குக் க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸில் தரவை ஏற்றும்போது கிடைமட்டத்துக்குத் தீர்க்கரேகை, செங்குத்துக்கு அட்சரேகை. இதை மாற்றிப் போடாத புதியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. தருமபுரி, சேலம் பக்கத்து ஊர் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் விழுந்தால் கலங்க வேண்டாம், இரண்டையும் மாற்றிப் போடுங்கள். தூரம் அளக்கப் போகிறீர்கள் என்றால், இடத்தைப் பாகைக்குப் பதில் மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். அமைப்புக்கு மாற்ற வேண்டும். 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே 44-ஆம் மண்டலம், மேற்கே, அதாவது கோவை, நீலகிரி, தேனி, நெல்லைப் பக்கம், 43-ஆம் மண்டலம்.

பொதுவில் வைக்கும் வரைபடத்தில் வீட்டுப் புள்ளிகளைக் காட்டாதீர்கள். தனியாக வாழும் பெண்ணின் வீடு எது, எந்த நேரத்தில் அவர் தண்ணீருக்கு வெளியே போகிறார் என்பதெல்லாம் அந்தத் தரவுக்குள் இருக்கிறது. தெருவுக்கு ஒரு நிறம் போதும்.

தண்ணீரின் தரம் பற்றி ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் உப்பின் அளவை மட்டுமே சொல்லும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடு இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் சொல்லாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரின் ஃபுளோரைடால்தான். மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்று யாருக்கும் "நல்ல தண்ணி" என்று சொல்லிவிடாதீர்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி எங்கே என்று விசாரியுங்கள்.

12. முதலில் தெருவுக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தரவு தெருவின் சொத்து. அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் தெருக்காரர்கள். நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஒரு வீட்டின் கணக்கு தவறு என்று கிராம சபையில் தெரிந்தால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும். அதே தவறு தெருக்கூட்டத்தில் தெரிந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

சார்ட் பேப்பரில் கையால் எழுதிக் கொண்டுபோங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குடம் படம் வரையுங்கள்: சேர வேண்டியது 15 குடம், கிடைப்பது 8. பிறகு நீங்கள் பேசாமல் இருங்கள். "ஏன் இப்படி?" என்று மட்டும் கேளுங்கள். வால்வு எப்போது பழுதானது, யார் வீட்டு இணைப்பு பெரிய குழாயிலிருந்து போகிறது என்று அவர்களே சொல்வார்கள். இந்தக் காரணங்களைக் கணினியிலிருந்து எடுக்க முடியாது.

யார் கிராம சபையில் பேசுவது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கும் பெண்ணே பேச வேண்டும். தன் தெருவின் இரண்டு எண்களை அவர் தாளைப் பார்க்காமல் சொல்லப் பழகட்டும். ஐந்து எண் கொடுத்தால் திணறுவார், இரண்டு போதும். நீங்கள் பின்னால் கோப்போடு உட்காருங்கள், கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.

13. கிராம சபையில்

கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலாளரிடம் ஒரு பக்க மனு கொடுத்து, நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் எழுதச் சொன்னால் "குடிநீர்ப் பிரச்சினைக்கு நடவடிக்கை எடுக்கப்படும்" என்றுதான் எழுதுவார்கள். அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது.

மாதிரிக்கு ஒன்று: "கீழ்த்தெருவில் 42 வீடுகளில் 31 வீடுகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டருக்குக் குறைவாகக் குடிநீர் கிடைப்பது சபையில் வைக்கப்பட்ட கணக்கெடுப்பால் தெரியவருகிறது. இத்தெருவுக்குத் தனி வால்வு அமைத்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வழங்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதன் நிலையை அறிக்கையாக வைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது." எங்கே, என்ன, எப்போதைக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கூட்டத் தொடக்கத்திலேயே வருகைப் பதிவு என்று வாங்கும் கையெழுத்து எந்தத் தாளில் போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

14. அதற்குப் பிறகு

தெருவுக்கு இரண்டு வீடு, முதலும் கடைசியும், மாதம் ஒருமுறை பக்கெட் அளவு எடுங்கள். குழுவின் மாதக் கூட்ட நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், செயலி தேவையில்லை. வால்வு போட்டபிறகு 200 நொடி 80 நொடியானால் அதுவும் எழுதப்பட வேண்டும். அதை அடுத்த கிராம சபையில் சொல்லி, வேலை செய்தவர்களுக்கு நன்றியும் சொல்லுங்கள்.

எதுவும் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தீர்மான நகலோடு மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம். தீர்மான நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஊராட்சி ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் "கேள்விக்குப் பதில் தர இயலாது" என்று திருப்பிவிடுவார்கள். "இந்தத் தேதித் தீர்மானத்தின் நகல், அதன்மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

இந்த நேரத்தில் குழுவில் இரண்டு இளம்பெண்களை உட்கார வைத்து, படிவம் மாற்றுவது முதல் பைவட் டேபிள் போடுவது வரை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். நீங்கள் செய்துகாட்டினால் தலையாட்டுவார்கள், மறந்துபோவார்கள். கோபோ கணக்கின் கடவுச்சொல் குழுத் தலைவியிடமும் இருக்கட்டும். வீட்டுப் புள்ளிகள் உள்ள மூலக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது, யார் திறக்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உங்கள் போன்களில் மிச்சமிருக்கும் படிவங்களையும் அன்றைக்கே அழித்துவிடுங்கள்.